மண்ணுக்கு உரியவரும் முடிக்கு உரியவரும்: இகாலா மக்களின் தொடக்க வரலாறு

காலைப் பெரட்டு முடிந்து செம்பனைக் காட்டுக்குள் நுழையும் தொழிலாளரிடம் மரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தக் குலை பழுத்தது, எந்தக் குலை இன்னும் காய் என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார். அந்த மரம் எந்த ஊர் மரம் என்று கேட்டால் மட்டும் சற்றுத் திகைப்பார். "இது என்ன கேள்வி, நம் தோட்டத்து மரந்தானே!" என்று சிரித்தாலும் சிரிப்பார்.

ஆனால் செம்பனையின் பிறந்தகம் நம் நாடு அன்று. அது மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848ஆம் ஆண்டில் அதன் நான்கு கன்றுகள் ஜாவாத் தீவிலுள்ள போகோர் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் பின்னர்ச் சுமத்திராவுக்கும், அங்கிருந்து மலாயாவுக்கும் வந்தன. 1917ஆம் ஆண்டில் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வாணிக நோக்கோடு செம்பனை நடப்பட்டது. நம் வீட்டு அடுப்புக்கும் அரிசிக்கும் வழி செய்த அந்த மரத்தை, நமக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏறிப் பழம் பறித்து, இடித்து எண்ணெய் எடுத்து உண்டு வாழ்ந்த மக்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பலர். அவர்களுள் ஓர் இனத்தாரின் வரலாற்றைத்தான் இன்று நாம் காண இருக்கிறோம். அவர்கள் இகாலா மக்கள்.

ஆறுகள் கூடும் இடம்

முதலில் அவர்கள் வாழும் இடத்தை மனக்கண்ணில் கொண்டுவருவோம். வீட்டில் நிலப்படம் இருக்குமானால் பிள்ளைகள் அதை எடுத்து விரித்துக்கொள்ளலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் என்னும் பேராறு ஓடுகிறது. கிழக்கேயிருந்து பெனுவே என்னும் மற்றோர் ஆறு வந்து அதனோடு கலக்கிறது. கலக்கும் இடத்தில் லோகோஜா என்னும் நகரம் இருக்கிறது. அங்கிருந்து நைஜர் நேர் தெற்கே திரும்பிக் கடலை நோக்கிச் செல்கிறது. அவ்வாறு செல்லும்போது அதன் இடக்கரையில், அதாவது கிழக்குக் கரையில், பெனுவேக்குத் தெற்கே பரந்து கிடக்கும் நிலமே இகாலா நாடு. ஆற்றின் மேல் உயர்ந்து நிற்கும் மேட்டில் இடா என்னும் ஊர் அமைந்திருக்கிறது. அதுதான் இகாலா அரசின் பழந்தலைநகர். இன்று இப்பகுதி நைஜீரியா நாட்டின் கோகி மாநிலத்தில் அடங்கும். அம்மாநிலம் 1991ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது.

காடும் புல்வெளியும் கலந்த நிலம் அது. வள்ளிக்கிழங்கு வகைகளும் சோளமும் பயிராகும். ஆற்றிலே மீன் உண்டு. எங்கும் செம்பனை உண்டு. வயிற்றுக்குக் குறைவில்லாத நாடு எனலாம். ஆயினும் இகாலா நாட்டின் உண்மையான செல்வம் மண்ணில் மட்டும் இல்லை, ஆற்றிலும் இருந்தது. சாலையும் இரயிலும் இல்லாத காலத்தில் ஆறே பெருவழி. நைஜரில் ஏறி இறங்கும் ஓடங்கள் யாவும் இடாவின் மேட்டுக்குக் கீழேதான் போக வேண்டும். மேட்டில் இருப்பவனுக்கு ஆற்றில் போவது அனைத்தும் தெரியும்.

இனி இகாலா மக்களின் அண்டை வீட்டாரைப் பாருங்கள். ஆற்றுக்கு மேற்கே யொருபா மக்கள். தென்மேற்கே காட்டு நடுவில் பெனின் பேரரசு. வடக்கே நைஜர் ஓரமாக நூப்பே மக்கள். கிழக்கே, பெனுவே ஆற்றின் மேல்பகுதியில் ஜுகுன் மக்கள். தெற்கே இக்போ மக்கள். இத்தனை பேருக்கும் நடுவில், இரண்டு ஆறுகளின் கூடலில், இகாலா மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய வரலாறு சிக்கலானதும் சுவையானதும் இதனால்தான்.

"எது சார் உண்மை?"

ஒரு முறை நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், "உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வாருங்கள்" என்று சொன்னோம். மறுநாள் ஒரு சிறுமி வெறுந்தாளோடு வந்து நின்றாள். காரணம் கேட்டோம். "அப்பா வழிப் பாட்டி ஓர் ஊர் சொல்கிறார், அம்மா வழித் தாத்தா வேறோர் ஊர் சொல்கிறார், பெரியப்பா மூன்றாவதாக ஓர் ஊர் சொல்கிறார். எது சார் உண்மை? எதை எழுதுவது?" என்றாள்.

இகாலா மக்களின் தோற்றத்தை ஆராயப் புகுந்த அறிஞர்களுக்கும் இதே இக்கட்டு நேர்ந்தது. சிலர், "நாங்கள் யொருபாக்களின் உறவினர், மேற்கேயிருந்து வந்தோம்" என்றார்கள். சிலர், "எங்கள் அரசர் பெனின் அரச குடும்பத்திலிருந்து வந்தவர்" என்றார்கள். வேறு சிலர், "இல்லை, கிழக்கே ஜுகுன் நாட்டிலிருந்து வந்தவர்" என்றார்கள். இன்னும் சிலரோ, "நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை, இந்த மண்ணுக்கே உரியவர்கள்" என்றார்கள்.

பழைய இகாலா அரசு தன் வரலாற்றை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆகவே நாம் நான்கு சாட்சிகளை அழைத்து விசாரிக்க வேண்டும். முதல் சாட்சி மொழி. இரண்டாவது, வாய்வழி வந்த கதைகள். மூன்றாவது, அரண்மனைச் சடங்குகள். நான்காவது, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பழம்பொருள்கள். ஆங்கில மானிடவியல் அறிஞர் ஜே. எஸ். பாஸ்டன் என்பவர் இகாலா ஊர்களில் தங்கி இவற்றைத் திரட்டி, 1968ஆம் ஆண்டில் இகாலா அரசைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருக்கு முன்னும் பின்னும் நைஜீரிய அறிஞர் பலர் இத்துறையில் உழைத்துள்ளனர்.

மொழி சொல்லும் சாட்சி

முதல் சாட்சியாகிய மொழியை அழைப்போம். இகாலா மொழியில் இரண்டு என்பதற்கு 'எஜி' என்பர். யொருபா மொழியிலும் 'எஜி' என்றே சொல்வர். மூன்று என்பது இரண்டிலும் 'எட்டா'. ஆறு என்பது இரண்டிலும் 'எஃபா'. தண்ணீரை இரு மொழியாரும் 'ஒமி' என்பர். பிள்ளையை யொருபாக்கள் 'ஒமோ' என்பர், இகாலா மக்கள் 'ஒமா' என்பர்.

கடையில் வாங்கும் பொருளுக்கு அயலாரின் சொல்லை நாம் கடன் வாங்கலாம். நம் பேச்சில் எத்தனை மலாய்ச் சொற்கள் கலந்திருக்கின்றன! ஆனால் எண்ணுப் பெயர், தண்ணீர், பிள்ளை போன்ற அடிப்படைச் சொற்களை ஓர் இனம் எளிதில் கடன் வாங்குவதில்லை. அவை தாய்ப்பாலோடு வருபவை. ஆகவே இகாலாவும் யொருபாவும் ஒரு தாய் வயிற்று மொழிகள் என்று மொழியியலார் முடிவு செய்தனர். கடலோரத்தில் வாழும் இட்செகிரி மக்களின் மொழியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆனால் இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காள் தங்கை என்றால் ஒருத்தி மற்றொருத்திக்குப் பிறந்தவள் என்று பொருளில்லை. இருவரும் ஒரு தாய்க்குப் பிறந்தவர்கள். அதுபோல, இகாலா மக்கள் யொருபாக்களிடமிருந்து பிரிந்து வந்தவர்கள் என்று மொழியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இருவருக்கும் பொதுவான முன்னோர் இந்த ஆற்றுப் பகுதியில் மிகப் பழங்காலத்தில் வாழ்ந்தனர். இன்று நாம் அறிந்த அரசுகள் தோன்றுமுன்பே அவர்கள் கிளை பிரிந்துவிட்டனர். இவ்வளவே மொழி தரும் சாட்சி. எனினும் இது மிக வலிய சாட்சி.

ஒன்பது குடியினர்

அடுத்து, இடாவில் 'இகாலா மேலா' என்று ஒரு சபை உண்டு. 'மேலா' என்றால் ஒன்பது. இகாலாவின் ஒன்பது குடிகள் என்பது இதன் பொருள். இந்த ஒன்பது குடித் தலைவர்களும் தங்களை மண்ணுக்கு உரியவர்கள் என்று சொல்லிக்கொள்கின்றனர். அரச குடும்பம் வருவதற்கு முன்பே தாங்கள் அங்கு இருந்ததாக அவர்கள் கூறுவர். அரச குடும்பத்தாரும் அதை மறுப்பதில்லை. இதுதான் வியப்பு.

பொதுவாக வென்று வந்த அரசன், "எல்லாம் எனக்கு முன்னே காடாகக் கிடந்தது" என்று கல்லில் வெட்டி வைப்பான். இகாலா நாட்டிலோ, வந்த மன்னரும் இருந்த மக்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது போலத் தோன்றுகிறது. முடி மன்னருக்கு உரியது. மண்ணும், மண்ணுக்குச் செய்யும் வழிபாடும், அடுத்த மன்னருக்கு முடி சூட்டும் உரிமையும் ஒன்பது குடியினருக்கு உரியவை. அவர்கள் ஏற்காமல் ஒருவர் மன்னராக முடியாது.

இகாலா மன்னரை 'அட்டா' என்று அழைப்பர். அட்டா என்றால் தந்தை என்று பொருள். தந்தைக்கே முடி சூட்டும் பிள்ளைகள் இந்த ஒன்பது குடியினர்.

காது குத்திக்கொள்ளும் மன்னர்

அந்த மன்னர் மரபு எப்படி வந்தது? இங்கேதான் சுவையான கதை வருகிறது.

முன்னொரு காலத்தில் அபுத்து எஜே என்பவர் கிழக்கே ஜுகுன் மக்களின் நாட்டிலிருந்து புறப்பட்டுப் பெனுவே ஆற்றின் வழியே மேற்கு நோக்கி வந்தார் என்பர். 'எஜே' என்றால் சிறுத்தைப்புலி. காட்டில் ஓர் இளவரசிக்கும், மனித உருக் கொண்டு வந்த சிறுத்தைக்கும் பிறந்த வழியே அரச குலம் என்பது ஒரு கதை. ஆகவே இகாலா அரச குலத்தார் தங்களைச் சிறுத்தையின் மக்கள் என்பர்.

அபுத்து எஜேயின் மகள் எபுலெஜோனு. அவளே இடாவில் அரியணை ஏறினாள். அவள் பெயருக்கே 'அரசரான பெண்' என்பதுதான் பொருள். அவள் நாட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த அயலான் ஒருவன் பிடிபட்டு அவள் முன் கொண்டுவரப்பட்டான். அவன் இக்போ இனத்தவன் என்று கதை கூறுகிறது. அரசி அவனை விரும்பி மணந்து, உயர்ந்த பதவியும் தந்தாள். அவன் வழிவந்தவரே 'அச்சாடு' என்னும் பட்டம் பெற்றவர். இகாலா அரசில் மன்னருக்கு அடுத்த மதிப்பு அச்சாடுவுக்கு உண்டு. முடி சூட்டுவோரின் தலைவரும் அவரே.

இது வெறுங்கதை என்று தள்ளிவிடலாமா? மூன்றாவது சாட்சியாகிய சடங்கு குறுக்கே வந்து நிற்கிறது. இன்றும் இடாவில் புதிய அட்டா பதவி ஏற்கும்போது அவருடைய காதில் துளையிடுவார்கள். அவர் ஆண்தான். ஆனாலும் முதன்முதலில் அந்த இருக்கையில் அமர்ந்தவள் ஒரு பெண் என்பதை மறவாதிருக்கக் காது குத்திக்கொள்கிறார். அச்சாடுவுக்கு 'அட்டாவின் கணவர்' என்றே பெயர். இருவரும் ஆண்களாயினும் பல நூறு ஆண்டுகளாக இந்த உறவுப் பெயர் மாறவில்லை.

எழுத்தில்லாத மக்கள் எதையும் நினைவில் வைக்க மாட்டார்கள் என்று எண்ணுவோர் உண்டு. இதோ, அரசரின் காதிலேயே வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள்! சிறுத்தைக் கதையை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்த ஓர் அரச குலம், மண்ணுக்குரிய குடியினரோடும் அண்டை இனத்தாரோடும் உறவு கலந்து நிலைபெற்றது என்னும் செய்தி அதற்குள் இருக்கிறது.

அயல்நாடு சொல்லும் ஆண்டு

கதைகளில் ஆண்டுக் கணக்கு இராது. ஆண்டு தெரிய வேண்டுமானால் அண்டை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

பெனின் பேரரசை ஆண்ட எசிகியே என்னும் மன்னர் இடாவோடு பெரும்போர் நடத்தினார். அக்காலத்தில் போர்ச்சுகீசியர் பெனினுக்கு வந்து போய்க்கொண்டிருந்தனர். அவர்களுடைய குறிப்புகளின் துணையால் இப்போர் 1515, 1516ஆம் ஆண்டுகளில் நடந்தது என்று வரலாற்றாசிரியர் கணித்துள்ளனர். போருக்குப் புறப்படும் வேளையில் ஒரு பறவை கத்தியதாம். அது தோல்விக்கு அறிகுறி என்று சிலர் அஞ்சினர். எசிகியே அந்தப் பறவையைக் கொல்லச் சொல்லிப் போருக்குச் சென்று வென்று திரும்பினாராம். பின்பு அந்தப் பறவையைப் பித்தளையில் வார்க்கச் செய்தார் என்று பெனின் மரபு கூறுகிறது. அவருடைய தாய் இடியா இப்போரில் மகனுக்குப் பெருந்துணையாக நின்றாள். யானைத் தந்தத்தில் செதுக்கிய இடியாவின் முகம் உலகப் புகழ் பெற்றது. 1897ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெனினைத் தாக்கிச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற பொருள்களுள் அதுவும் ஒன்று. 1977ஆம் ஆண்டில் லாகோஸ் நகரில் நடந்த கறுப்பின மக்களின் மாபெரும் கலைவிழாவுக்கு அந்த முகமே சின்னமாக விளங்கியது.

இதில் இகாலா மக்களைப் பற்றி நாம் அறிவது என்ன? பெனின் போன்ற வல்லரசு, ஆண்டாண்டுக் காலமாகப் பாடிப் பெருமைப்படும் அளவுக்கு ஒரு பகையை வென்றது என்றால், அந்தப் பகை சிறியதாக இருக்க முடியுமா? ஆகவே 1515ஆம் ஆண்டளவிலேயே இடாவில் வலிமை மிக்க ஓர் அரசு இருந்தது என்பது உறுதியாகிறது.

நான்காவது சாட்சியும் இங்கே வந்து சேர்கிறது. விழாக் காலங்களில் அட்டா தம் மார்பில் ஒரு பித்தளை முகத்தை அணிவார். 'மற்றக் கண்களை அஞ்சவைக்கும் கண்' என்பது அதன் பெயரின் பொருள். அதன் வேலைப்பாட்டை ஆராய்ந்தவர்கள், அது பெனின் நாட்டுப் பாணியில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்க்கப்பட்டது என்பர். போருக்குப் பின் ஏற்பட்ட உறவின் அடையாளமாக அது வந்திருக்கலாம். எப்படியாயினும் பெனின் தொடர்பு வாய்ப்பேச்சு அன்று என்பதற்கு அந்தப் பித்தளை முகமே சான்று.

பனை ஏறிய அடிமை

வடக்கேயுள்ள நூப்பே மக்களும் இடாவைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

அக்காலத்தில் நூப்பே ஊர்கள் இடாவுக்குத் திறை செலுத்தி வந்தன. பொன்னாகவோ நெல்லாகவோ அன்று, மனிதர்களாக. ஒவ்வோர் ஆண்டும் அடிமைகளை அனுப்ப வேண்டும். ஒரு முறை அவ்வாறு சோயெடே என்னும் இளைஞன் அனுப்பப்பட்டான். முன்பு அட்டா இளவரசராக இருந்த காலத்தில், வேட்டைக்குச் சென்ற இடத்தில் ஒரு நூப்பே பெண்ணோடு வாழ்ந்து, பிரியும்போது ஒரு மோதிரத்தை விட்டுச் சென்றிருந்தார். அடிமையாக வந்த சோயெடேயின் கையில் அந்த மோதிரம் இருந்தது. அட்டா தம் மகனை அடையாளங்கண்டு தம்மோடு வைத்துக்கொண்டார்.

பின்னர் அட்டா நோயுற்றார். மிக உயர்ந்த ஒரு செம்பனையின் பழத்தை உண்டால்தான் பிழைப்பார் என்று சொல்லப்பட்டது. மற்றப் பிள்ளைகளால் ஏற முடியவில்லை. சோயெடே ஏறினான். பழத்தைப் பறித்தான். ஆனால் அந்த முயற்சியில் அவன் உதடு கிழிந்துபோயிற்று. நம் நாட்டில் தாழ்ந்த மரத்துக்கு உளியும் உயர்ந்த மரத்துக்கு நீண்ட கழியில் கட்டிய அரிவாளும் உண்டு. அப்படியிருந்தும் கீழே விழும் குலையும் முள்ளும் எத்தனை பேரைக் காயப்படுத்தியிருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். வெறுங்கையோடு ஏறியவன் பட்ட பாடு உங்களுக்கு நன்றாகப் புரியும்.

அண்ணன் தம்பியர் பொறாமை கொண்டனர். தம் முடிவு நெருங்குவதை உணர்ந்த அட்டா, சோயெடேக்கு வெண்கல ஓடமும் எக்காளமும் முரசும் தந்து இரவோடு இரவாக அனுப்பிவைத்தார். அவன் நைஜரில் மேல்நோக்கிச் சென்று நூப்பே நாட்டை ஒன்றுபடுத்தி அதன் முதல் மன்னன் ஆனான். இதை 1942ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எஸ். எஃப். நாடெல் என்னும் அறிஞர் விரிவாகப் பதிவு செய்துள்ளார். கதையிலுள்ள மோதிரமும் ஓடமும் எப்படியோ போகட்டும். நூப்பே மன்னர் தம் அரசுரிமைக்கு இடாவைக் காரணம் காட்டினர் என்றால், ஒரு காலத்தில் அந்த ஆற்று வழி முழுவதிலும் இடாவின் பெயர் ஓங்கி ஒலித்தது என்று பொருள்.

இனிக்பியும் பெயரில்லாத ஒன்பது பேரும்

17ஆம் நூற்றாண்டில் ஜுகுன் மக்களின் குவாரராபா அரசு பெரும்படையோடு விளங்கியது. வடக்கேயுள்ள கானோ போன்ற நகரங்களே அதற்கு அஞ்சின. இகாலா அரச குலம் ஜுகுன் நாட்டோடு உறவுடையது என்று முன்பே கண்டோம். அந்த உறவு ஒரு கட்டத்தில் திறை கேட்கும் உறவாக மாறிற்று. திறை தர மறுத்தவர் அயெக்பா ஒமா இடோகோ என்னும் அட்டா. இந்தப் பெயரைக் கவனியுங்கள். ஒமா என்றால் பிள்ளை என்று முன்பே கண்டோம். அயெக்பா, இடோகோவின் பிள்ளை. நம் அடையாள அட்டைகளில் தந்தை பெயருக்கு முன்னே வரும் குறிப்புப் போன்றதுதான். அவர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவர் என்பர்.

ஜுகுன் படை வந்து சூழ்ந்தது. இகாலா நாடு நடுங்கியது. மன்னர் தம் உயிரினும் மேலாக நேசித்த மகள் இனிக்பியைப் பலி கொடுத்தால்தான் நாடு பிழைக்கும் என்று குறி சொன்னவர்கள் கூறினர். மன்னரால் முடியவில்லை. அவர் நாள்களைக் கடத்தினார். செய்தி அறிந்த இனிக்பி தானே முன்வந்து, நாட்டுக்காக உயிருடன் மண்ணுக்குள் இறங்கினாள் என்று இகாலா மக்கள் இன்றும் கண்ணீரோடு சொல்வர். அதன்பின் இனாச்சாலோ என்னும் ஓடையில் மருந்து கலக்கப்பட்டது. செத்து மிதந்த மீன்களை உண்ட ஜுகுன் வீரர் பலர் மாண்டனர். எஞ்சியவர் தோற்று ஓடினர். இடாவில் இனிக்பிக்குச் சிலை இருக்கிறது. இகாலா வீடுகளில் பெண் குழந்தைகளுக்கு இனிக்பி என்று பெயரிடுகிறார்கள்.

நேயர்களே, இந்தக் கதையைக் கேட்கும்போது நம் நெஞ்சம் உருகுகிறது. ஆனால் கதையில் இன்னொரு வரியும் உண்டு. இனிக்பியோடு ஒன்பது அடிமைகளும் புதைக்கப்பட்டனர் என்பர். அவர்கள் தாமாக முன்வந்தார்களா? அவர்களுக்கும் தாய் தந்தையர் இருந்திருப்பார்களே! இளவரசியின் பெயர் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக நிற்கிறது. நாடு முழுதும் சொல்லும் கதையில் அந்த ஒன்பது பேரும் வெறும் எண்ணாகத்தான் வருகிறார்கள். வரலாறு என்பது நடந்ததை மட்டும் சொல்வதில்லை. யாரை நினைக்க வேண்டும் என்று எவரோ முடிவு செய்ததையும் அது சேர்த்தே சொல்கிறது. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

வென்ற அயெக்பா அரசைச் செப்பனிட்டார். தம் உறவினரையும் துணை நின்றவரையும் பல பகுதிகளுக்குத் தலைவராக்கினார். இன்று அட்டா பதவி நான்கு அரச குடும்பங்களுக்கிடையே முறைமாறி வருகிறது. அந்த நான்கும் அயெக்பாவின் வழிவந்தவையே. ஆனால் முடி சூட்டும் உரிமை மட்டும், முன்பு போலவே, மண்ணுக்குரிய குடியினரிடம் இருக்கிறது.

ஒரு வேர் அன்று, பல வேர்

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். இகாலா மக்கள் எங்கிருந்து வந்தார்கள்?

கேள்வியைச் சற்றுப் பிரித்துக் கேட்டால் விடை எளிதாகிறது. மக்கள் எங்கிருந்து வந்தனர் என்பது ஒரு கேள்வி. மன்னர் எங்கிருந்து வந்தார் என்பது வேறொரு கேள்வி. மக்கள் பேசும் மொழி, அவர்கள் யொருபாக்களுக்கு உறவான, இந்த ஆற்றுப் பகுதியின் பழங்குடியினர் என்று காட்டுகிறது. பித்தளை முகம், 16ஆம் நூற்றாண்டில் பெனினோடு இருந்த போரையும் உறவையும் காட்டுகிறது. சிறுத்தைக் கதையும் திறைக் கதையும், இன்றைய அரச மரபுக்குக் கிழக்கே ஜுகுன் நாட்டுத் தொடர்பு உண்டு என்று காட்டுகின்றன. அச்சாடுவின் கதை இக்போ உறவைக் காட்டுகிறது. பல கதைகள் இருப்பதால் எல்லாம் பொய் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு கதையும் வீட்டின் ஒவ்வொரு வாசல்.

மன்னர்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தார்கள். ஆனால் வந்த மன்னரின் மொழியை மக்கள் ஏற்கவில்லை. மக்களின் மொழியைத்தான் மன்னர் பேசத் தொடங்கினார். ஏர் பிடித்தவரும், ஓடம் விட்டவரும், பனை ஏறியவரும் பேசிய மொழியே அரண்மனை மொழியாயிற்று. இதைவிடப் பெரிய வெற்றி வேறு உண்டா?

பின்வந்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிப்போம். 1830ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான லேண்டர் உடன்பிறப்புகள் நைஜரின் வழியே கடல்வரை சென்றனர். 1832இல் நீராவிக் கப்பல்கள் அந்த ஆற்றில் நுழைந்தன. அந்தக் காலத்தில் ஆற்று வழி அடிமை வாணிகத்தில் இடாவுக்கும் பங்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1841இல் வந்த ஆங்கிலக் குழு அட்டா ஒச்செஜேயோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அடிமை வாணிகத்தையும் நரபலியையும் நிறுத்துவது அதன் நோக்கங்களுள் அடங்கும். ஆறுகள் கூடும் இடத்தருகே நிலமும் பெற்று, ஒரு மாதிரிப் பண்ணையையும் அமைத்தனர். காய்ச்சல் அக்குழுவினரை வாரிக்கொண்டு போயிற்று. பண்ணை மறு ஆண்டே கைவிடப்பட்டது. ஆயினும் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். 1900ஆம் ஆண்டளவில் அந்நிலம் அவர்கள் ஆட்சிக்குள் அடங்கியது. 1960ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நைஜீரியா விடுதலை பெற்றது. அரசாட்சி போயினும், இடாவில் இன்றும் ஓர் அட்டா இருக்கிறார். அவர் காதில் இன்றும் துளை இருக்கிறது.

அந்தச் சிறுமிக்கு நாம் என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். "மூன்று ஊரையும் எழுதம்மா. யார் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே எழுது" என்றோம். அவள் எழுதினாள். பாட்டியின் பெயர், தாத்தாவின் பெயர், பெரியப்பாவின் பெயர், அவர்கள் வேலை செய்த தோட்டங்களின் பெயர் எல்லாம் அந்தத் தாளில் வந்தன. தோட்டங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு. அவற்றில் பாடுபட்டவர்களுக்கு அந்தத் தாள்தான் பலகை.

மாணவர்களே, இன்றிரவு வீட்டில் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நம் வீட்டில் முதலில் இந்தத் தோட்டத்துக்கு வந்தவர் யார்? அவரோடு வந்தவர்களின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா? கேட்டதை எழுதி வையுங்கள்.